மெழுகில் பதிந்த பிறை

பூதலிங்கம் பிள்ளை பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தோளில் ஒரு துணிப்பை இருந்தது. இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, மாத்திரைகள். ஒரு மனிதன் வீட்டைவிட்டுப் போவதற்கு இவ்வளவு போதும் என்பது அன்று காலையில்தான் அவருக்குத் தெரிந்தது. வலது கையில், மனைவியின் பழைய பாலராமபுரம் நேரியது என்ற மேல்துண்டில் சுற்றிய ஒரு சின்னத் தகர டப்பா. சட்டைப் பையில் போட்டால் உடம்புச் சூட்டில் இளகிவிடுமோ என்று பயந்து, தனுவச்சபுரத்திலிருந்து அதை விரல் நுனிகளால் பிடித்தபடியே வந்திருந்தார்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் மோகனனின் வீடு. மோகனன் போலீஸில் விரல்ரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் கிளார்க்காக இருந்த காலத்தில் அவரைச் சாட்சிக் கூண்டில் பார்த்திருக்கிறார். "இந்த ரேகை இந்த ஆளுடையது அல்ல" என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு இறங்கிப் போவார். வக்கீல் எவ்வளவு சீண்டினாலும் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் வராது. அந்த நிதானத்தை நம்பித்தான் பிள்ளை வந்திருந்தார்.

முற்றத்தில் ஒரு சிவப்பு ஸ்கூட்டர் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. அதன் சொந்தக்காரி ஷீனா வராந்தாவில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாள். முன்னாள் வார்டு மெம்பர். போன தேர்தலில் தோற்றதிலிருந்து ஊர்க்காரியங்கள் குறைந்துபோக, பக்கத்து வீட்டு மோகனனிடம் வருகிற காரியங்களைத் தன் காரியங்களாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, சார் உள்ள உண்டு. என்ன விசயம்? நெலமா, நகையா?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப மனுசங்க காரியமாக்கும். அதுதான் கஷ்டம்" என்று பத்திரிகையை மடித்து வைத்தாள்.

மோகனன் வந்து, ஒரு கண்ணாடி டம்ளரில், சுக்குத் தட்டிப்போட்டுக் காய்ச்சிய தண்ணீரை, சுக்கு வெள்ளத்தை, ஊற்றிப் பிள்ளையின் முன் வைத்தார். பிள்ளை அதைத் தொடவில்லை. நேரியதைப் பிரித்து டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"மோகனன் சார், இதுல எனக்க பெஞ்சாதிக்க விரல் இருந்தது. இப்ப இல்ல."

ஷீனா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். மோகனன் அசையவில்லை. "மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

பிள்ளை சொன்னார். மனைவி மரகதவல்லி வருசா வருசம் மழை ஓய்ந்து வறண்ட காற்று தொடங்கும்போது உதட்டுக்குத் தடவும் மெழுகு காய்ச்சுவாள். கடையில் விற்பது அவளுக்குப் பிடிக்காது. மிட்டாய் வாடை என்பாள். ஒரு பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் இன்னொரு சின்னப் பாத்திரம். அதில் சீவிய தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய் மூன்று பங்கு, கடைசியில் ஒரு சொட்டு நெய். நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு கருகிவிடும் என்று, வெந்நீரின் சூட்டிலேயே பொறுமையாக உருக்குவாள். காலியான தைல டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து அதில் ஊற்றி, ஜன்னலோரம் வரிசையாக ஆறவைப்பாள். ஆறியதும் பழுப்பு நிறத்தில், இலேசான புளிப்பு மணத்தோடு இருக்கும். அக்கம்பக்கம் எல்லாருக்கும் ஒன்று கொடுப்பாள்.

"கடைசி தடவை காய்ச்சி ஊத்தி வச்ச அன்னைக்கு மத்தியானம் விழுந்தா" என்றார். "வலது பக்கம் போயிட்டு. பேச்சும் போயிட்டு. ஒண்ணு ரெண்டு வார்த்தை குழறி வரும். இடது கையை மட்டும் கொஞ்சம் அசைப்பா. மத்த டப்பாவெல்லாம் ஆளுக்கொண்ணா போச்சு. இது ஒண்ணு அவ கட்டில் பக்கத்துல இருந்தது. எல்லாம் முடிஞ்ச பெறகு திறந்து பாத்தேன். நடுவுல ஒரு விரல் வழிச்சு எடுத்த குழி. அவ தொட்ட கடைசி இடம்."

"நீங்க அதைத் தொட்டதில்லையா?"

"தொட்டா போயிருமில்லா? அலமாரியில வச்சேன். காலம்பற எந்திரிச்சதும் திறந்து பாப்பேன். மூடி வைப்பேன். வேற ஒண்ணும் இல்ல."

வேறு ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். மனைவி போன வீட்டில் காலை நேரம் ரொம்ப நீளமானது. எழுந்ததும் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தால் அடுத்த காரியத்துக்குக் கால் தானாகப் போகும். பிள்ளைக்கு அந்த முதல் காரியம் இந்த டப்பாவாக இருந்தது.

"சுசீந்திரத்துல தம்பி வீட்டுல ஒரு விசேசம். போகும்போது பாத்துட்டுத்தான் போனேன், குழி இருந்தது. திரும்பி வந்து நேத்து காலம்பற திறந்தா இல்ல. வழுவழுன்னு கெடக்கு. மணமும் மாறியிருக்கு. பழைய மணத்துக்கு அடியில, பெட்ரோல் பங்குல நிக்க மாதிரி ஒரு வாடை."

"வீட்டுல யார் யாரு?"

"மகன் சுனில்குமார் மஸ்கட்ல. நானும் மருமவ அஞ்சுவும்தான். நான் ஊருக்குப் போன நாள்ல அவளுக்குத் துணைக்குப் பிரசீதா வந்து படுத்தா. மரகதத்தைப் பாத்துக்கிட ஏற்பாடு செஞ்ச ஹோம் நர்ஸ். அடுத்த தெரு."

"பிரசீதாதான்" என்றாள் ஷீனா உடனே. "வெளியாளு ஒருத்தி வந்த அன்னைக்குத்தானே காணாமப் போயிருக்கு? உள்ள இருந்ததை எடுத்துட்டு வேற என்னத்தையோ உருக்கி ஊத்தி வச்சிருக்கா."

"உதட்டு மெழுகை எதுக்கு எடுக்கணும், மெம்பரே?" என்றார் மோகனன்.

"அதை நீங்கதானே கண்டுபிடிக்கணும்."

"பிரசீதா இல்ல" என்றார் பிள்ளை. "அஞ்சு. மரகதம் போனதும் அவளுக்க துணிமணி, மருந்து, கட்டில் விரிப்பு ஒக்க எடுத்து ஒதுக்கினவ அவதான். நாலு வார்த்தை என்கிட்ட சேர்ந்தாப்பல பேச மாட்டா. நேத்து கேட்டேன், டப்பாவை எடுத்தியான்னு. தலையைக் குனிஞ்சிட்டு அடுக்களைக்குப் போயிட்டா. இல்லைன்னும் சொல்லல." துணிப்பையைத் தொட்டுக் காட்டினார். "அவதான்னு நீங்க சொன்னா, நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப்போறதில்ல. இங்க இருந்தே தம்பி வீட்டுக்குப் போறேன்."

"அந்தப் பெண்ணு?"

"பெருங்கடவிளையில அவளுக்க அப்பன் வீடு உண்டு."

சொல்லி முடிக்கும்போது அவருடைய வாயோரத்தில் ஒரு வலி தெரிந்தது. ஷீனா எட்டிப் பார்த்தாள். "அய்ய, சாருக்க சுண்டு வெடிச்சு ரெத்தம் வருது."

பிள்ளை சட்டென்று தன் கையைத் தூக்கிச் சுண்டுவிரலைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. பிறகுதான் புரிந்து, "உதடா" என்று துண்டால் ஒற்றிக்கொண்டார். "நாப்பது வருசமா இங்க இருக்கேன். சுண்டுன்னா மலையாளத்துல உதடுன்னு தெரியும். ஆனாலும் காது முதல்ல தமிழைத்தான் கேக்குது. மரகதம் இந்த ஊர்க்காரி. அவ இதுக்காகவே என்னைக் கேலி பண்ணுவா."

மோகனன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவைத் திறந்தார். மோந்து பார்த்தார். மேசையில் வைத்து, குனிந்து, கண்ணை அதன் விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுவந்து மெதுவாகச் சுற்றினார். ஒரு பக்கத்தில் மெழுகு விளிம்பைத் தொடும் அளவுக்கு ஏறி நின்றது. எதிர்ப்பக்கத்தில் இறங்கிக் கிடந்தது.

"மேசை சரிஞ்சிருக்கா?" என்றாள் ஷீனா.

"டம்ளரைப் பாருங்க." சுக்கு வெள்ளம் மட்டமாக நின்றது.

மோகனன் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் நீட்டினார். "அந்தக் குழி எப்படி இருந்ததுன்னு வரைஞ்சு காட்ட முடியுமா?"

பிள்ளைக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் பார்த்த ஒன்றை வரைவதுபோல் வரைந்தார். ஒடுக்கமான ஒரு வாய்க்கால். அதன் நுனியில், மெழுகுக்குள் ஆழமாக இறங்கிய வளைந்த கோடு. "பிறை மாதிரி இருக்கும். சாமி தலையில இருக்குமே, அப்படி. சின்னதா, கூர்மையா." பென்சிலை வைத்துவிட்டார்.

"கடைசி நாள்ல நீங்க கூட இருந்தீங்களா?"

"முடிஞ்ச நேரமெல்லாம். எனக்குச் செய்யத் தெரிஞ்சது கொஞ்சம்தான். இடது கையால சொறிஞ்சு புண்ணாக்கிரப்பிடாதுன்னு நகம் வெட்டி விடுவேன். ஒட்ட வெட்டி, எனக்க கன்னத்துல தேய்ச்சுப் பாப்பேன், உறுத்துதான்னு. குளிப்பாட்டுறது, வாய் துடைக்கிறது எல்லாம் பெண்ணுங்க பாத்துக்கிட்டாங்க. அந்நேரம் நான் வெளிய வந்து இருந்துக்கிடுவேன்."

"ஏதாவது சொன்னாங்களா?"

"சுண்டுன்னு சொன்னா. ரெண்டு மூணு நாளா அந்த ஒரே வார்த்தை. கல்யாணத்துல மணவறையைச் சுத்தி வரும்போது சுண்டுவிரலைப் பிடிச்சுத்தானே கூட்டிட்டு வருவாங்க? அதைப் பிடிக்கச் சொன்னா. நான் பிடிச்சிட்டே இருந்தேன்."

ஷீனா மூக்கை உறிஞ்சினாள். மோகனன் எழுந்து முற்றத்துக்குப் போனார். "மெம்பரே, உங்க வண்டி சீட்டைத் திறங்க."

"எதுக்கு? எனக்க வண்டியில ஒண்ணும் இல்ல. ஒரு மழைக்கோட்டு உண்டு."

அவள் திறந்ததும் மோகனன் சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டிக்குள் கையை விட்டார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கையை எடுத்து மோந்து பார்த்தார்.

"வாங்க, தனுவச்சபுரத்துக்குப் போலாம்" என்றார்.

*

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் ஷீனா பிரசீதாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பிள்ளை பையை மடியில் வைத்துக்கொண்டு ரப்பர் தோட்டங்களைப் பார்த்தார். இலை உதிர்ந்த மரங்கள். காலையில் இந்த வழியாகப் போகும்போது, திரும்பி வர வேண்டியிருக்கும் என்று அவர் எண்ணவில்லை.

அஞ்சு கதவைத் திறந்தாள். முதலில் மாமனாரின் தோளில் இருந்த பையைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தை. "மாமா ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டிய" என்றாள் மெதுவாக. பிள்ளை அவளைத் தாண்டி உள்ளே போனார். அவளுடைய ஸ்கூட்டர் ஷெட்டில் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது.

மோகனன் குடிக்கத் தண்ணீர் கேட்டு அவள் பின்னாலேயே அடுக்களை வாசல்வரை போனார். ஷீனா அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். ஒரு நிமிடத்தில் அவள் குரல் கேட்டது.

"சார், இங்க வாங்க. கிட்டிப்போச்சு."

மேடையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் வட்டம் வட்டமாக உறைந்த மெழுகுத் துண்டுகள் ஐந்தாறு கிடந்தன. ஒன்று சுண்ணாம்புபோல் வெளுத்து இறுகியிருந்தது. ஒன்று ரவைபோல் பொரிந்திருந்தது. இன்னொன்று உறையாமல் எண்ணெயாக நின்றது. பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரமும் அதற்குள் ஒரு சின்னக் கிண்ணமும்.

"பாத்தியளா? இங்க இருந்து காய்ச்சித்தான் டப்பாவுல ஊத்தியிருக்கு. பழசை எடுத்துட்டுப் புதுசு. நான் அப்பவே சொன்னேன்."

"நீங்க சொன்னது பிரசீதாவை, மெம்பரே."

"ஆளு மாறிப்போச்சு. காரியம் ஒண்ணுதானே."

வாசலில் நின்ற பிள்ளை தட்டைப் பார்த்தார். மருமகளைப் பார்க்கவில்லை. அவருக்குள் ஏதோ ஒன்று முடிவுக்கு வந்ததுபோல் பையின் வாரை மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"பிரசீதாவையும் கூப்பிடுங்க" என்றார் மோகனன். "எல்லாரும் இருக்கட்டும்."

பிரசீதா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். தன்மேல் சந்தேகம் என்று தெரிந்ததும் ஷீனாவை மேலும் கீழும் பார்த்தாள். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு மெம்பரே. போன எலக்சனுக்கு எனக்க வீட்டுல நாலு ஓட்டும் உங்களுக்காக்கும். இனி ஒண்ணும் கிட்டாது."

"நாலும் போட்டிருந்தா நான் தோத்திருக்க மாட்டேனே" என்றாள் ஷீனா.

மரகதவல்லியின் படம் மாட்டியிருந்த கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அஞ்சு மட்டும் சுவரோடு நின்றாள். மோகனன் டப்பாவை நடுவில் வைத்தார்.

"முதல்ல மெம்பர் சொன்னதைப் பார்ப்போம். இதை மாத்தி வச்சாங்களா? தட்டுல இருக்கிறது எல்லாம் வெளுப்பும் மஞ்சளும். டப்பாவுல இருக்கிறது பழுப்பு. புளிப்பு மணம் இப்பவும் இருக்கு. மேல ஒரு வாடை ஏறியிருக்கு, அவ்வளவுதான். ஆக, இது மரகதவல்லிச் சேச்சி காய்ச்சின அதே மெழுகு. யாரும் மாத்தல."

"அப்ப குழி?"

"உருகியிருக்கு. உருகித் திரும்ப உறைஞ்சா குழி நிரம்பிரும்."

"வெயிலடிச்சாலும் அலமாரிக்குள்ள உருகாது" என்றார் பிள்ளை.

"உருகாது. இன்னொண்ணு, உங்க அலமாரித் தட்டு மட்டமா இருக்கும். அங்க உருகியிருந்தா மட்டமாத்தான் உறைஞ்சிருக்கும். இது சரிஞ்சு உறைஞ்சிருக்கு." டப்பாவைத் தூக்கி எல்லாரும் பார்க்கும்படி திருப்பினார். "தண்ணியைச் சரிச்சு வச்சா அது மட்டமா நிக்கும், பாத்திரம்தான் சாயும். அப்படியே கெட்டியாகி, பாத்திரத்தை நிமிர்த்தினா இப்படி இருக்கும். ஆக, இது உருகும்போதும் உறையும்போதும் சாய்ஞ்ச ஒரு இடத்துல, அசையாம, ரொம்ப நேரம் இருந்திருக்கு. சூடான இடம். பெட்ரோல் வாடை உள்ள இடம்."

ஷீனா வாயைத் திறந்தாள். "எனக்க வண்டி சீட்டு!"

"உங்க வண்டி இல்ல. ஆனா அது மாதிரி. கீழ எஞ்சின் சூடு, மேல வெயில்ல காயுற கறுப்பு சீட்டு, பக்கத்துல பெட்ரோல் டாங்கு. சைடு ஸ்டாண்டு போட்டா ஒரு பக்கம் சாய்வு. பிரசீதா எதுல வந்தீங்க?"

"நடந்து. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

ஷெட்டில் நின்ற ஸ்கூட்டரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அஞ்சுவின் கண்கள் நிறைந்துவிட்டன.

பிள்ளை எழுந்தார். "போதும் சார். நான் சொன்ன ஆள்தான்."

"ஆள் சரிதான்" என்றார் மோகனன். "குற்றம்தான் தப்பு. இருங்க."

அந்த "இருங்க" கோர்ட்டில் கேட்ட அதே குரலில் இருந்தது. பிள்ளை உட்கார்ந்தார்.

மோகனன் சட்டைப் பையிலிருந்து பிள்ளை வரைந்த காகிதத்தை எடுத்து விரித்தார். "என்கிட்ட வந்தது ஒரு விரல் அடையாளம். யார் அழிச்சாங்கன்னு கேட்டீங்க. யாருடையதுன்னு கேக்கல. என் வேலையில முதல் கேள்வி அதுதான். பிறைன்னு சொன்னீங்களே, இது நகம் பதிஞ்ச கோடு. மெழுகுக்குள்ள இவ்வளவு ஆழமா, கூர்மையா இறங்கணும்னா நகம் விரலுக்கு வெளிய நீண்டிருக்கணும். சேச்சிக்கு நகம் இல்ல. நீங்களே ஒட்ட வெட்டி, கன்னத்துல தேய்ச்சுப் பாத்திருக்கீங்க." காகிதத்தைப் பிள்ளையின் பக்கம் திருப்பினார். "இது அவங்க விரல் அல்ல, பிள்ளை சார்."

பிள்ளையின் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போய் அங்கேயே நின்றது. காலையிலும் மாலையிலும் அந்த நகங்களைத் தேய்த்துப் பார்த்த இடம். அதைத் தனக்கே தெரியாமல் மறந்திருக்கிறார். மறக்காவிட்டால் அந்தக் குழி அவளுடையதாக அவருக்கு மிஞ்சியிருக்காது.

அவர் மெல்ல அஞ்சுவின் கையைப் பார்த்தார். அவள் கையைச் சேலைக்குள் மறைத்தாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். ஒடுங்கிய சுண்டுவிரல், அதில் மட்டும் நீண்ட நகம்.

"சொல்லிப்போடு மக்கா" என்றாள் பிரசீதா. "நான் எத்தனை தடவை சொன்னேன், சொல்லிப்போடுன்னு."

அஞ்சு சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அத்தைக்கு வாய் திறந்தே இருந்தது. சுண்டு காஞ்சு வெடிச்சுப் போச்சு. நான் உள்ள வரும்போதெல்லாம் சுண்டு, சுண்டும்பா. என்கிட்ட அத்தை எப்பவும் மலையாளம்தானே பேசுவா. அதனால டப்பாவைத் திறந்து எனக்க இந்தச் செறுவிரலால எடுத்துத் தேய்ச்சு விட்டேன். தேய்ச்சதும் கண்ணை மூடிக்கிடுவா. மாமா அப்ப வெளிய இருப்பிய."

பிள்ளைக்கு அந்த அறை கண்முன் வந்தது. அவர் உள்ளே இருக்கும்போது மரகதம் அதே வார்த்தையைச் சொல்வாள். அவர் சுண்டுவிரலைப் பிடிப்பார். அவர் வெளியே போனதும் இவள் உள்ளே போவாள். அவள் மறுபடியும் அதே வார்த்தையைச் சொல்வாள். ஒரு கட்டில், ஒரு வார்த்தை. கேட்டவர்கள் இரண்டு பேர், இரண்டு பாஷையில்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்ல?" இப்போதுதான் அவள் திரும்பினாள். "மாமா தினமும் காலம்பற அதைத் திறந்து பாத்து லேசா சிரிப்பிய. இந்த வீட்டுல வேற எப்பவும் சிரிச்சு நான் பாக்கல. அது அத்தைக்க விரல் இல்ல, எனக்கதுன்னு நான் வந்து சொல்லவா?"

"பின்ன வண்டியில எதுக்குக் கொண்டு போன?" என்றாள் ஷீனா. அவள் குரலில் விசாரணை போய்விட்டிருந்தது.

"மாமாவுக்கு உதடு வெடிச்சு சோத்துல உப்புப் பட்டா எரியுது. பாதியில எந்திரிச்சுப் போயிருவாரு. டப்பாவைத் தொடவும் மாட்டாரு. அதே மாதிரி ஒண்ணு காய்ச்சித் தரலாம்னு பாத்தேன். எத்தனை தடவை காய்ச்சியும் சேரல. ஒண்ணு கல்லு மாதிரி, ஒண்ணு தண்ணி மாதிரி. அந்த மணம் வரவே இல்ல. மாமா ஊருக்குப் போன அன்னைக்கு இதைப் பனச்சமூட்டுச் சந்தைக்குக் கொண்டு போனேன். தேன் விக்கிற ஆளு மோந்து பாத்துட்டு, இதுல சிறுதேன் மெழுகும் கலந்திருக்குன்னு சொன்னான். கொடுக்கு இல்லாத சின்னத் தேனீக்க கூட்டு மெழுகு. அதையும் வாங்கிட்டு, வழியில அப்பா வீட்டுக்குள்ள போய் இருந்தேன். வண்டி முற்றத்து வெயில்ல நின்னது. வெயில் ஆறின பெறகு சாயங்காலம் சீட்டைத் திறந்து பாக்கும்போது..."

மோகனன் பிள்ளையின் பக்கம் திரும்பினார். "உங்க உதட்டைக் காலம்பறயே பாத்தேன். கையில உதட்டு மெழுகு, வாயில ரத்தம். தட்டுல ஆறு தடவை தோத்துப்போன மெழுகு. இந்த வீட்டுல இருக்கிறது ரெண்டு பேர், வெடிச்ச உதடு ஒண்ணு. யாருக்காகக் காய்ச்சினாங்கன்னு வேற யாரைக் கேக்க?"

பிள்ளை பேசியபோது மருமகளைப் பற்றிப் பேசவில்லை.

"அப்ப அவ என்னைக் கூப்பிடல. தண்ணியில்லாம காஞ்ச உதட்டைச் சொல்லியிருக்கா. நான் மடையன் மாதிரி விரலைப் பிடிச்சிட்டு இருந்திருக்கேன்."

"அது எனக்குத் தெரியாது" என்றார் மோகனன்.

"தெரியாதா?"

"ரேகைன்னா சொல்லுவேன். ஒரு வார்த்தைக்கு அவங்க மனசுல என்ன அர்த்தம்னு சொல்ல எனக்கு வழியில்ல. உங்ககிட்ட அவங்க என்ன பாஷை பேசுவாங்க?"

"தமிழ். என்கிட்ட ஒரு நாளும் மலையாளம் பேசினதில்ல."

"நீங்க விரலைப் பிடிச்சப்ப விலக்கினாங்களா?"

பிள்ளை யோசித்தார். தன் இடது கையின் சுண்டுவிரலை வலது கையால் பற்றிப் பார்த்தார். "இல்ல. மடக்கிப் பிடிச்சுக்கிட்டா. நான்தான் கையை உருவி எடுக்க வேண்டி வரும்."

"அது நீங்க பாத்தது. அதுக்கு மேல நானும் போக மாட்டேன், நீங்களும் போகாதீங்க." மோகனன் எழுந்துகொண்டார்.

வாசல் இறங்கும்போது ஷீனா அஞ்சுவின் தோளைத் தொட்டாள். "இனி வண்டியை நிழல்ல நிறுத்து. இல்லாட்டி நடு ஸ்டாண்டு போடு, மட்டமா உருகட்டும்." யாரும் சிரிக்கவில்லை. பிரசீதா மட்டும், "மெம்பருக்கு ஓட்டு அடுத்த தடவை பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

*

ஆட்டோவின் சத்தம் தேய்ந்ததும் வீடு பழையபடி ஆயிற்று. பிள்ளை கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பை நாற்காலியின் காலடியில் இருந்தது. அடுக்களையில் அஞ்சு தட்டிலிருந்த மெழுகுத் துண்டுகளைச் சுரண்டும் ஓசை கேட்டது. மரகதவல்லி போனதிலிருந்து இந்த ஓசைகளைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாத்திரம் வைக்கும் ஓசை, குழாய் மூடும் ஓசை, கதவு சாத்தும் ஓசை. வீட்டில் இன்னொரு ஆள் தனியாக இருக்கிற ஓசை அது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

டப்பாவைத் திறந்தார். வழுவழுப்பாக, ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. அதில் யாருமே இல்லை. தினமும் காலையில் அவரைப் பார்த்த பிறை, இந்த வீட்டில் பக்கத்து அறையில் தூங்கி எழுந்த ஒருத்தியுடையது.

அவர் எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றார். காய்ச்சிக் கொடுத்தவளிடம் சொல்லாமல் போன வார்த்தைகள் நிறைய இருந்தன. இவளிடம் சொல்வதற்கும் இருந்தன. அவற்றில் எதுவும் வாய்க்கு வரவில்லை.

"அஞ்சு."

"என்ன மாமா?"

"சுண்டு எரியுது, மக்கா."

அவள் அவருடைய கையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அருகே வந்தாள். அவர் நீட்டிய டப்பாவில், மெழுகு உயர்ந்து நின்ற ஓரத்தில், தன் சுண்டுவிரலை வைத்து ஒரு வழி வழித்து எடுத்தாள். அதை அவருடைய சுண்டுவிரல் நுனியில் வைத்தாள்.

பிள்ளை உதட்டில் தடவிக்கொண்டார். முதலில் எரிந்தது. பிறகு அடங்கியது. புளிப்பு மணமும் கொஞ்சம் பெட்ரோலும்.

டப்பாவை மூடுமுன் ஒரு தடவை பார்த்தார். ஒடுக்கமான ஒரு குழி. அதன் நுனியில் ஒரு பிறை.